மாமன்மாரெல்லாம் பாத்துக்கங்க

1

சனிக்கிழமைகளில் என் வேலை, பந்தாட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது.

மற்ற நாட்களில் பஸ் டிப்போவில் இருக்கிறேன். சனிக்கிழமை மட்டும், இங்கிலாந்தின் வடக்கே நூல் மில்லெல்லாம் மூடிப்போன எங்கள் ஊரின் கால்பந்து மைதானத்தில் காவல் வேலை. மஞ்சள் ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, கூட்டத்தைப் பார்த்து நில், ஆட்டத்தைப் பார்க்காதே என்பார்கள். இத்தனை வருடத்தில் நான் ஒரு கோல்கூட நேராகப் பார்த்ததில்லை. எதிரே இருக்கிற முகங்களை வைத்துத்தான் எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரிந்துகொள்வேன். யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார், யார் மத்தியானமே குடித்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

திண்டுக்கல்லில் இதைச் சொன்னபோது என் தம்பி அப்பாஸ் கேட்டான்: "ஏண்ணே, படத்தப் பாக்காம டார்ச் அடிக்கிற வேலை நம்ம ஊர்க் கொட்டகையிலயே இருந்துச்சே. அதுக்கா லண்டன் போன?" இது லண்டன் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவனுக்கு ஏறாது. எங்கள் திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து பார்த்தால் விமானம் இறங்குகிற இடமெல்லாம் லண்டன்தான்.

பேகம்பூரில் எங்களுக்கு மைக்செட் கடை. அப்பாவை நாங்கள் அத்தா என்போம், அவர் ஆரம்பித்தது. கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எதுவானாலும் எங்கள் குழாய்தான் பேசும். பொங்கலுக்குச் சுற்றுப்பட்டிக் கிராமங்களில் நடக்கிற கபடிப் போட்டிகளுக்கும் நாங்கள்தான். ஒரு வருடம் வர்ணனைக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை. ஒயரைச் சுற்றிக்கொண்டு நின்ற நான் மைக்கைப் பிடித்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அன்றைக்குப் பிழைத்தேன். இங்கே வருகிற வரைக்கும் வடமதுரை பக்கத்தில் கபடி என்றால் என் குரல்தான்.

எங்கள் பக்கத்துக் கபடியைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வர்ணனை என்றால் புள்ளி சொல்வது மட்டும் இல்லை. 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு எதிரணிக்குள் ரைடு போகிறவனை மைக்கில் ஓட்ட வேண்டும். அவன் காலையில் எத்தனை பரோட்டா தின்றான், பத்தாம் வகுப்பை எத்தனை தடவை எழுதினான் என்பதெல்லாம் சபைக்கு வர வேண்டும். ஓட்டினால்தான் அவன் நம்ம ஆளு. செம்பட்டி அணி வந்தால், "கடைசி பஸ்ஸ விட்டுட்டு இங்கயே பொண்ணெடுத்துத் தங்கலாம்னு வந்திருக்காய்ங்க" என்பேன். செம்பட்டிக்காரர்கள்தான் முதலில் சிரிப்பார்கள்.

நான் உண்டாக்கிய வரி ஒன்று உண்டு. கல்யாணமாகாத ஒருவன் நல்ல ரைடு போட்டுவிட்டு வந்தால் சொல்வேன்: "பய இன்னும் ஒண்டிக்கட்டை. பொண்ணு வச்சிருக்கிற மாமன்மாரெல்லாம் பாத்துக்கங்க." அவ்வளவுதான் வரி. ஆனால் அது பரவியது. ஒட்டன்சத்திரம், பழனி பக்கத்து மைக்செட்காரர்கள் "பாத்துக்கோங்க" என்று தங்கள் பாணியில் இழுத்துச் சொன்னார்கள். அந்த வரியால் நிஜமாகவே சம்பந்தம் கூடிய வீடுகள் இருக்கின்றன. வேறு எந்தச் சொத்தும் ஊரில் என் பேரில் இல்லை என்பதால் இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

சில வருடங்களுக்கு முன் பொங்கல் லீவில் போயிருந்தபோது, ஆசைக்காக ஒரு நாள் மைக்கைப் பிடித்தேன். வடமதுரைக்குப் பக்கத்துக் கிராமம். அன்றைக்குத்தான் செல்லப்பாண்டி முதல் தடவையாக ஊர் அணியில் இறங்கினான். கல்லூரி முடித்திருந்தான், ஒல்லி, கால் மட்டும் நீளம். ஒரே ரைடில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தான். என் வரியை எடுத்துவிட்டேன். பெண்கள் உட்கார்ந்திருந்த டிராக்டர் டிரெய்லரில் அவனுடைய அம்மா பேச்சியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. செவ்வந்தித் தோட்டம் வைத்து, புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக அவனை வளர்த்த மனுஷி.

அந்தச் செல்லப்பாண்டிதான் பிறகு டிவியில் காட்டுகிற தொழில்முறை கபடி அணிக்குப் போனான். ஊர் நுழைவில் அவனுக்கு ஆளுயர ஃபிளெக்ஸ் வைத்தார்கள். எந்த ஊருக்கு ஆடினாலும் பொங்கலுக்கு மட்டும் ஊர் அணிக்கு வந்து ஆடிவிட்டுப் போவான்.

2

எங்கள் கால்பந்து கிளப்பில் டானி என்று ஒரு பையன் தடுப்பில் ஆடுகிறான். மூன்றாம் நம்பர் சட்டை. போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள், தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்றும் இனி மறைக்கப் போவதில்லை என்றும் ஃபோனில் எழுதி உலகத்துக்கே சொல்லிவிட்டான்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் மேற்பார்வையாளர் மார்கரெட் எங்களைக் கூட்டினார். பேரப்பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னுகிற அம்மாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இன்றைக்குக் கூட்டத்தில் என்னென்ன வசவுகள் கேட்டால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வாசித்தார். மளிகைச் சாமான் வாசிப்பது மாதிரி வாசித்தார். அதில் பாதி எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் இங்கே இருந்தும் என் இங்கிலீஷ் எவ்வளவு சுத்தமாக இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில், அவனுடைய சட்டை நம்பருக்காக, மைதானம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிற எனக்கு அன்றைக்கு மட்டும் பார்க்க வேண்டியது சரியாக என் முன்னால் இருந்தது. வாரா வாரம் நடுவரின் கண்ணை நொள்ளைக்கண் என்று கத்துகிற மனுஷன் கண் கலங்கிக் கை தட்டுகிறான். ஒத்துக்கொள்கிறேன், இந்த ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்வதில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பெருமைப்பட்டேன்.

வெளியூர் ரசிகர்கள் பக்கத்தில் மட்டும் ஒரு பெரியவர் கத்தினார். சாண்ட்விச் டப்பாவோடு வந்திருந்த சாதுவான ஆள். வெளியே கூட்டிப்போனோம். அப்புறம் ரிப்போர்ட் எழுத வேண்டும். சொன்ன வார்த்தையை அப்படியே எழுது என்று கட்டளை. ஸ்பெல்லிங் தெரியாமல் மார்கரெட்டிடம் கேட்டேன். அந்த அம்மாள் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார். நான் இங்கிலீஷில் எழுதியதிலேயே பிழை இல்லாதது அது ஒன்றுதான்.

சில வாரங்கள் எல்லாரும் டானியைப் பூப்போல நடத்தினார்கள். பிறகு ஒரு நாள் அவன் செய்த தப்பில் எங்களுக்கு எதிராகப் பெனால்டி விழுந்தது. எங்கள் ஆட்களே கால் வழங்காதவன், மூளை இல்லாதவன் என்று கிழித்தார்கள். நான் மார்கரெட்டைப் பார்த்தேன். "விடு," என்றார். "இப்போது ஆட்டத்துக்காகத் திட்டுகிறார்கள். இனி பயமில்லை."

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மகள் நிஷாவிடம் சொன்னேன். வேறு நகரத்தில் படிக்கிறாள், வார இறுதியில் வருவாள். வீட்டில் பேசுகிற தமிழ் புரியும், வாயில் வருவது 'சரி', 'போதும்', 'சாப்ட்டேன்' மூன்றும்தான். எல்லாம் கேட்டுவிட்டு இங்கிலீஷில் கேட்டாள்: "உங்க ஊர்ல ஒருத்தர் இப்படிச் சொன்னா என்ன செய்வாங்க?" எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சிரித்ததும் நிறுத்திக்கொண்டேன். அவள் எப்போதும் 'உங்க ஊர்' என்றுதான் சொல்வாள். அது எனக்குச் சுருக்கென்று குத்தும்.

3

அப்படி ஒருவன் இருந்தான். கார்த்திகை மாதம் ஒரு யூடியூப் சேனல் செல்லப்பாண்டியைப் பேட்டி எடுத்தது. எல்லாரிடமும் கேட்கிறதைத்தான் கேட்டார்கள்: எப்பக் கல்யாணம்? எங்கள் மைக்செட் வரி வேறு அவனுக்குப் பட்டப்பெயர் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, பேட்டி எடுத்தவர் அதையும் சொல்லிச் சிரித்தார்.

செல்லப்பாண்டி சிரிக்கவில்லை. "அண்ணே, பொண்ணு வச்சிருக்கிறவுக எனக்காகக் காத்திருக்க வேணாம். எனக்கு ஆம்பளையத்தான் புடிக்கும். ஒருத்தர் இருக்காரு. எங்கம்மாகிட்டச் சொல்லிட்டேன். இப்ப எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்றான். பேட்டி எடுத்தவர் உடனே, முழங்கால் காயம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

வெளிநாட்டில் இருக்கிற திண்டுக்கல்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அன்றைக்குப் பாதிப் பேர் காலை வணக்க ரோஜாப்பூவோடு நிறுத்திக்கொண்டார்கள். துபாயில் இருக்கிற ஒருவர், மாவட்டத்துக்கே அவமானம் என்று போட்டார். "போன வருசம் அவன்கூட நின்னு எடுத்த போட்டோதான இன்னும் ஒன் டிபில இருக்கு" என்று ஒருவர் பதில் போட, அவர் போட்டோவை மாற்றிவிட்டார். தன்பாலீர்ப்பு என்கிற நல்ல தமிழ்ச் சொல்லை அந்தக் குரூப்பில் ஒருவரும் எழுதவில்லை. 'அந்த விஷயம்' என்றே எழுதினார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன்.

ஊரில் அவனுடைய ஃபிளெக்ஸைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டார்கள். கேட்டதற்கு, போட்டிக் கமிட்டிச் செயலாளர் தங்கவேல், "மழைக்கு நனையுமேன்னு கழட்டுனோம்" என்றாராம். அந்த மாதம் திண்டுக்கல் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை.

பொங்கல் நெருங்கியபோது செல்லப்பாண்டி அப்பாஸைக் கூப்பிட்டான். அப்பாஸ் அதை என்னிடம் வார்த்தை மாறாமல் சொன்னான்.

"மாமா, பொங்கலுக்கு ஆட வாரேன். கமிட்டி வேணாம்னும் சொல்லல, வான்னும் சொல்லல."

"வா மாப்ள. அம்மா என்ன சொல்லுது?"

"ஒண்ணுமே சொல்லல மாமா. சொன்ன அன்னைக்கு என் மூஞ்சியப் பாத்துச்சு. எந்திரிச்சுப் பூப்பறிக்கப் போயிருச்சு. திட்டவும் இல்ல, சரிங்கவும் இல்ல. போன் போட்டா சாப்டியான்னு கேக்குது, வச்சிருது."

"ஊர்ல யாரும் ஏதாச்சும் பேசிருவாய்ங்கன்னு பயமா இருக்கா?"

"வசவெல்லாம் வெளியூர்க் கூட்டத்துலயே கேட்டுட்டேன் மாமா. அது வேற. இந்த ஒரு தடவை ஆடிப் பாக்குறேன். ஊரு மூஞ்சியத் திருப்புச்சுன்னா இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன். நீ மைக்ல எல்லாரையும் ஓட்டுவேல்ல, என்னையும் ஓட்டு. விட்ராத. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

அவன் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அதற்கு மறுநாளே தங்கவேல் கடைக்கு வந்துவிட்டார். "பாய், அவன் ஆடட்டும், நான் தடுக்கல. நீங்க பேரச் சொல்லுங்க, பாயிண்டச் சொல்லுங்க. வேற பேச்சு வேணாம். எவனாச்சும் ஏதாச்சும் சொல்லி அடிதடி ஆகிப்போச்சுன்னா அடுத்த வருசம் போலீஸ் பர்மிசனே கெடைக்காது." அவரும் கெட்டவர் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று பயந்தார்.

அப்பாஸ் என்னைக் கேட்டான்: "என்னண்ணே செய்ய?"

மஞ்சள் ஜாக்கெட் போட்ட எனக்கு இதில் பயிற்சியே இருந்ததல்லவா? நீட்டி முழக்கினேன். இங்கே எப்படி நடந்துகொள்கிறோம் தெரியுமா, ஒரு வீரனின் சொந்த வாழ்க்கையை மைக்கில் இழுக்கவே கூடாது, முழுப் பேரைச் சொல்லு, மரியாதையாகப் பேசு, கமிட்டி சொல்வதுதான் சரி என்றேன். அவன் "சரிண்ணே" என்றான். அடடா, ஊருக்கு நல்லது ஒன்றைக் கற்றுக்கொடுத்தோம் என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

4

போட்டி நடந்தது ஒரு சனிக்கிழமை. அங்கே சாயங்காலம், எனக்குக் காலை. மத்தியானம் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே, சமையலறை மேசையில் சர்க்கரை டப்பா மேல் ஃபோனைச் சாய்த்து, யூடியூப் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஷா டோஸ்ட்டைக் கடித்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அரையிறுதி. மற்றவர்கள் ரைடு போனால் அப்பாஸ் வழக்கம்போலக் கொட்டினான். ஒருவனுடைய புது மீசையைப் பற்றி, இன்னொருவனுடைய மாமியார் வீட்டுக் கோழிக்குழம்பைப் பற்றி. செல்லப்பாண்டி கோட்டைத் தாண்டியதும் குரல் மாறியது. "வருபவர் செல்லப்பாண்டி அவர்கள். ஒரு புள்ளி. நன்றி." ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருந்தது. கூட்டமும் அப்படியே அடங்கியது. யாரும் ஏசவில்லை. யாரும் விசிலும் அடிக்கவில்லை.

நிஷா ஃபோனை உற்றுப் பார்த்தாள். "சின்னத்தா ஏன் அவருக்கு மட்டும் நியூஸ் வாசிக்கிறார்?"

தமிழ் பேச வராத பெண், காதால் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள். செல்லப்பாண்டி ஒவ்வொரு ரைடு முடிந்ததும் மைக் இருக்கிற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். யாரையாவது ஒதுக்க வேண்டுமென்றால் எங்கள் ஊரில் கல்லால் அடிக்க மாட்டார்கள். 'வாங்க', 'போங்க' என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இது தெரிந்த நானே அந்த மரியாதையை விமானம் ஏற்றி அனுப்பிவைத்திருக்கிறேன். டிரெய்லரில் பேச்சியம்மா தலையைக் குனிந்துகொண்டு மடியில் எதையோ கிள்ளிக்கொண்டிருந்தது. கேமரா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதையே செய்துகொண்டிருந்தது.

'பழையபடி பேசுடா' என்று அப்பாஸுக்கு மெசேஜ் போட்டேன். மைக்கைப் பிடித்திருக்கிறவன் எங்கே ஃபோனைப் பார்ப்பான்? அது அவன் பையிலேயே கிடந்தது.

இறுதி ஆட்டம். பக்கத்து ஊர் அணி முன்னால் போய்விட்டது. கொஞ்ச நேரம்தான் பாக்கி. செல்லப்பாண்டி ரைடு போனான். இடது ஓரத்தில் ஒருவனைத் தொட்டான். இருவர் இடுப்பைப் பிடித்தார்கள். இழுத்துக்கொண்டே வந்து, விழுந்து, கையை நீட்டிக் கோட்டைத் தொட்டான். ஒரே ரைடில் மூன்று பேர் அவுட், புள்ளி சமம். புழுதியில் கோடே தெரியவில்லை. நான் சமையலறையில் எழுந்து நின்றுவிட்டேன்.

பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்கள். அப்பாஸின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆத்தாடி, மூணு பேரு. மூணு பேர முதுகுல சுமந்துட்டு வாரான்யா எங்க செல்லப்பாண்டி. நல்லாப் பாத்துக்கங்க, பய இன்னும் ஒண்டிக்கட்டை. பொண்ணு வச்சிருக்கிற மாமன்மாரெல்லாம் பாத்துக்க..."

நிறுத்திவிட்டான். குழாயில் உய்யென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஊர் முழுக்கக் கூடியிருக்கிற இடத்தில் மைக் அப்படிச் சும்மா நின்று நான் கேட்டதில்லை. தங்கவேல் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். செல்லப்பாண்டி நடுக்கோட்டில் இடுப்பில் கை வைத்து, தலையைக் குனிந்து நின்றான். மூச்சு வாங்குகிறானா, அழுகிறானா என்று தெரியவில்லை. "என்ன சொன்னார்?" என்று நிஷா கேட்டாள். நான் ஃபோனின் சத்தத்தைக் கூட்டினேன்.

அப்பாஸ் தொண்டையைச் செருமினான்.

"...பையன் வச்சிருக்கிற மாமன்மாரும் பாத்துக்கங்கப்பு. இப்பவே சொல்லிப்புட்டேன். அப்பறமா எங்களுக்குச் சொல்லலையேன்னு யாரும் வரக் கூடாது."

பிறகு டிரெய்லரில் ஓர் உருவம் எழுந்து நின்றது. பேச்சியம்மா. பூ மார்க்கெட்டில் வருடக்கணக்காக ஏலக்காரர்களோடு மல்லுக்கட்டிய குரல், அதற்கு எங்கள் மைக் தேவைப்படவில்லை. நேரலையிலேயே தெளிவாகக் கேட்டது.

"ஏ தம்பி அப்பாஸு, வாரவன் வெள்ளன எந்திரிச்சுப் பூப்பறிக்க வருவானான்னு கேட்டுச் சொல்லு."

மகன் சொன்ன நாளிலிருந்து அந்த விஷயத்தைப் பற்றி அது பேசிய முதல் வார்த்தை அதுதான். அப்பாஸ் அதை வாங்கி மைக்கில் விட்டான். "அக்கா கேக்குறாக. சோம்பேறிப் பய எவனும் வர வேணாமாம். வெள்ளன எந்திரிக்கிற மாப்பிள்ளையா இருந்தா மட்டும் அக்காவ வந்து பாக்கணும்."

முதலில் டிரெய்லரில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் அது வேலி பிடித்து மைதானத்தைச் சுற்றிப் பரவியது. எதிரணியில் செல்லப்பாண்டியின் இடுப்பைப் பிடித்தவன் புழுதியில் உட்கார்ந்தபடியே சிரித்தான். கூட்டத்திலிருந்து ஒருவன், "நானே வாரேன் அத்தை, கூலி வேணாம், சோத்துக்கு வெஞ்சனம் என்னான்னு சொல்லு" என்று கத்தினான். "ஒனக்குப் பழைய சோறுதான்டா" என்றது பேச்சியம்மா. விசில் பறந்தது.

செல்லப்பாண்டி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணெல்லாம் தண்ணீர். அடுத்த ரைடுக்கு அப்படியே போனான். பாதியில் மறுபடி சிரிப்பு வந்து பாட்டு அறுந்துவிட்டது. நடுவர் அவுட் கொடுத்தார். அந்த ஒரு புள்ளியில் கோப்பை பக்கத்து ஊருக்குப் போனது.

தங்கவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கி அவனைத் திட்டினார். "சிரிச்சே கெடுத்துட்டியேடா பயபுள்ள. டிவில ஆடுறேன்னுதான் பேரு, மூச்சுப் புடிக்கத் தெரியல. கையில இருந்த கோப்பையக் குடுத்துட்டு வந்து நிக்கிறான் பாரு." செல்லப்பாண்டி கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய ஒருவனை நான் பார்த்ததில்லை.

எல்லாரும் சிரித்தார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சிலர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனதைக் கேமராவிலேயே பார்த்தேன். நேரலைக்குக் கீழே வந்த சில வார்த்தைகள் மார்கரெட் வாசித்ததைவிட மோசமாக இருந்தன. துபாய்க்காரர் குரூப்பை விட்டே வெளியேறினார். போகட்டும், குரூப்பில் இடம் காலி.

5

நிஷாவுக்கு அந்த வரியை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு ஒரு டீ ஆறுகிற நேரம் ஆனது. மாமன் என்றால் யார், அவன் ஏன் பெண் கொடுக்க வேண்டும், மைக்கில் ஏன் அதை விளம்பரம் செய்ய வேண்டும், பூப்பறிக்க ஏன் விடிவதற்குள் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் புரிந்தபோது டோஸ்ட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். மறுபடி போடுங்கள் என்றாள். மூன்றாம் தடவை பார்த்தபோது அப்பாஸோடு சேர்ந்து அவளும் சொன்னாள்: "பாத்துக்கங்கப்பு." பிறகு தமிழிலேயே கேட்டாள்: "அத்தா, நம்ம ஊர்ல எப்பவும் இப்படித்தான் பேசுவாங்களா?" நான் எழுந்துபோய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்தேன். கொஞ்ச நேரம் குழாயை மூடவில்லை.

மைதானத்துக்குத் தாமதமாகப் போனேன். ஏன் இளிக்கிறாய் என்று மார்கரெட் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "ஒரு வீரர் யாரை விரும்புகிறார் என்பதை ஒலிபெருக்கியில் கேலி செய்திருக்கிறார்கள். நம் விதிப்படி உன் தம்பி மேல் நீ ரிப்போர்ட் எழுத வேண்டும், தெரியுமா?"

"எழுதலாம்," என்றேன். "ஸ்பெல்லிங் நீங்கதான் சொல்லணும்." அந்த அம்மாள் சத்தமாகச் சிரித்தார்.

அன்றைக்கு முழுக்க ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றபடி யோசித்தேன். இந்த ஊர் எழுந்து நின்று கை தட்டியதையும் பார்த்திருக்கிறேன், என் ஊர் உட்கார்ந்து சிரித்ததையும் பார்த்துவிட்டேன். எது உசத்தி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கை தட்டலைக் கேட்டபோது இந்த ஊர் எனக்குப் பிடித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டபோது நான் திண்டுக்கல்காரன் என்று அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது. என்னுடைய பழைய வரிக்கு என் தம்பி ஒரு பாதியைச் சேர்த்துவிட்டான். அவனுடைய பாதிதான் நன்றாக இருக்கிறது. இதை அவனிடம் சொல்லவில்லை, தலைக்கு ஏறிவிடும்.

அடுத்த வாரம் அப்பாஸ் கூப்பிட்டான்.

"அண்ணே, ஃபிளெக்ஸ மறுபடி கட்டிட்டாய்ங்க. தங்கவேலு அண்ணன்ட்ட கேட்டேன். 'மழை விட்டுருச்சு பாய்'ங்குறாரு."

"செல்லப்பாண்டி கெளம்பிட்டானா?"

"கெளம்பிட்டான். அடுத்த பொங்கலுக்கு ரெண்டு பேரா வாரோம் மாமான்னான். அத விடு, நேத்து பேச்சியம்மா அக்கா கடைக்கு வந்துச்சு. பூப்பறிக்கையில இடுப்புல கட்டுவாகள்ல மடித்துணி, அது புதுசா ஒண்ணு தைக்கணுமாம். ஆம்பள இடுப்பு அளவு தெரியலன்னு என்னைய நிக்கவச்சு நூலச் சுத்தி அளந்துச்சு. போறப்ப என் தொப்பையப் பாத்துட்டுத் திரும்பி வந்து கேக்குதுண்ணே, 'ஏ தம்பி, அந்தப் பிள்ளை ஒல்லியா இருக்கும்னு எம்மகன் சொன்னானே, அளவக் கொஞ்சம் கொறச்சுக்கிருவமா'ன்னு."